எலக்ட்ரிக் கிட்டாரில் ரீசார்ஜ் பேட்டரி: வாங்குவதும் போடுவதும்

உங்கள் கிட்டாருக்கு பேட்டரி தேவைதானா என்று முதலில் பாருங்கள். கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப் சாதாரண பாஸிவ் ரகம் என்றால் தேவையே இல்லை. பின்பக்கம் தனி பேட்டரிப் பெட்டியோ, மூடியைக் கழற்றினால் உள்ளே 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப்போ இருந்தால் அது பெரும்பாலும் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப். அப்படியானால் தொடர்ந்து படியுங்கள்.

அடுத்து, ரீசார்ஜ் பேட்டரியால் உங்களுக்கு லாபம் உண்டா? இஎம்ஜி 81 பிக்கப் ஒன்று இழுப்பது 0.08 மில்லி ஆம்பியர்தான். இரண்டு பிக்கப் இருந்தாலும் நல்ல ஆல்கலைன் பேட்டரி (ரீசார்ஜ் ஆகாத சாதாரண பேட்டரி) ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடும். களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் சர்ச் குவாயரில் ஞாயிறு ஆராதனைக்கும் பிராக்டிஸுக்கும் மட்டும் வாசிப்பவருக்கு அது வருடக்கணக்கில் வரும். அவருக்கு ரீசார்ஜ் பேட்டரி வீண் செலவு என்பேன். ஃபிஷ்மன் ஃப்ளூயன்ஸ் மாதிரி அதிகம் இழுக்கும் பிக்கப் என்றால் கதை வேறு. அந்தக் கம்பெனியே ரீசார்ஜ் பேக் விற்கிறது. அது கட்டுபடியாகவில்லை என்றால் வேறு கம்பெனி பேட்டரிக்குப் போகலாம்.

வாங்கும்போதுதான் கவனம் தேவை. எல்லா அட்டையிலும் 9 வோல்ட் என்றே இருக்கும். நிக்கல் வகையில் 6 செல் என்றால் 7.2, 7 செல் என்றால் 8.4 வோல்ட். 7.2 வேண்டாம், ஓங்கி ஸ்ட்ரம் செய்தால் ஒலி உடையும். லித்தியத்தில் இரண்டு ரகம். ஒன்றில் இரண்டு செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும், வேறு சர்க்யூட் வோல்ட்டை மாற்றாது: முழு சார்ஜில் 8.4 வோல்ட், போகப்போக 7.4, அதற்கும் கீழே. இன்னொன்றில் உள்ளே ஒரு சர்க்யூட் இருந்து கடைசிவரை 9 வோல்ட் தரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சில பேட்டரிகளில் அந்த சர்க்யூட்டின் இரைச்சல் ஆம்பில் கேட்கும், சார்ஜ் தீரும்போது முன்னறிவிப்பும் இருக்காது. டிஸ்டார்ஷன் அதிகம் வைத்து வாசிப்பவர் முதல் ரகத்தை வாங்கி, பாதி இறங்கியதும் சார்ஜ் போட்டுக்கொள்வது நல்லது.

அட்டையில் 4440 என்று பெரிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மில்லி வாட்-அவர். இரண்டு செல் பேட்டரியின் 7.4 வோல்ட்டால் வகுத்தால் 600 மில்லி ஆம்பியர்-அவர்தான்.

சரி, இனி போடலாம். முழுதாக சார்ஜ் செய்து மல்டிமீட்டரில் வோல்ட் பாருங்கள். கேபிளை ஜாக்கிலிருந்து உருவிவிடுங்கள். பழைய பேட்டரியைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் கிளிப்பைப் பிடித்து நெம்புங்கள். புதியதை மாட்டும்போது பெரிய முனையும் சின்ன முனையும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தே அழுத்துங்கள். தலைகீழாக ஒரு கணம் தொட்டாலும் சில பிக்கப்புகள் கெட்டுப்போகலாம். சில லித்தியம் பேட்டரிகள் சற்றுத் தடிமனாக இருக்கும். பெட்டிக்குள் இறங்க மறுத்தால் திணிக்காதீர்கள்.

அப்புறம் காதுக்கு வேலை. அதே கேபிள், அதே ஆம்ப். ஆல்கலைன் பேட்டரியில் கெயினை ஏற்றி, கம்பிகளைக் கையால் அமுக்கிக் கேளுங்கள். பிறகு புதியதைப் போட்டு அதேபோல் கேளுங்கள். இரைச்சல் கூடியிருந்தால் பேட்டரியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

வாசித்து முடித்ததும் கேபிளை உருவி வையுங்கள். பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் ஜாக்தான் ஸ்விட்ச்; கேபிள் உள்ளே இருக்கும்வரை பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலும் இறங்கும், ஆகவே வாசிக்கப் போவதற்கு முன்பு ஒருமுறை சார்ஜ் செய்துகொள்ளுங்கள். லித்தியத்தை நிக்கல் சார்ஜரில் ஒருபோதும் போடக் கூடாது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை நாட்களில் கிளிப்பில் பச்சை பூக்கிறதா என்றும் பாருங்கள்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகிறவர்கள் பையில் ஒரு ஆல்கலைன் பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் டேப் ஒட்டி மூடுங்கள். பையில் கிடக்கும் சாவி அந்த இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டால் சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.