ஏழாம் வகுப்பில் கணக்கையும் வரலாற்றையும் ஒரே வாரத்தில் சேர்த்து நடத்துவது எப்படி?

ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில் கணக்குப் புத்தகம் முழுக்களில் தொடங்குகிறது. அதே பருவத்தில் சமூக அறிவியலில் பிற்காலச் சோழர்கள் வருகிறார்கள். இரண்டு பாடமும் ஒரே வகுப்பறையில் அடுத்தடுத்த பாடவேளைகளில் நடக்கின்றன. ஆனாலும் "கி.மு. 63 செப்டம்பரில் பிறந்தவர் கி.பி. 14 ஆகஸ்டில் இறந்தால் எத்தனை வயது?" என்று கேட்டுப் பாருங்கள். குறை எண்களைத் தப்பில்லாமல் கூட்டிக் கழிக்கும் பிள்ளைகூட 77 என்று எழுதும். விடை 75. இந்த இடைவெளியை அடைக்க ஒரு வாரத்தில் ஐந்து பாடவேளை போதும்: வரலாற்றில் இரண்டு, கணக்கில் மூன்று. மற்ற பாடவேளைகள் வழக்கம்போல நடக்கட்டும்.

சேர்த்து நடத்துவதற்கு ஒரே ஒரு விதி உண்டு. கேள்வி வரலாற்றில் பிறக்க வேண்டும், கணக்கு அதைத் தீர்க்க வேண்டும், கிடைத்த விடையை வைத்து வரலாற்றில் புதிதாக ஒன்று புரிய வேண்டும். "ஒரு மன்னர் 5 யானையும் 3 குதிரையும் வாங்கினார்" என்று எழுதினால் அது வரலாறு ஆகிவிடாது. யானைக்குப் பதில் மாம்பழம் என்று போட்டாலும் மாறாத கணக்கை இந்த வாரத்தில் சேர்க்காதீர்கள்.

இரண்டு பாடத்துக்கும் வேறு வேறு ஆசிரியர்கள் என்றால், முந்தைய வெள்ளிக்கிழமையே கால் மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக, இருவரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "குறை எண்" என்றும் மற்றவர் "மைனஸ்" என்றும் சொன்னால் பிள்ளைகள் அவற்றை இரண்டு விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

திங்கள்: சுவரில் ஒரு காலப்பட்டை

வரலாறும் கணக்கும் அடுத்தடுத்து வரும் நாளாகத் திங்களை மாற்றிக்கொள்ளுங்கள். தேவையானவை 56 செ.மீ. × 71 செ.மீ. அளவுள்ள இரண்டு சாட், பசை, அளவுகோல், சிவப்பு ஸ்கெட்ச் பேனா. சாட்டை நீளவாக்கில் 10 செ.மீ. அகலப் பட்டைகளாக வெட்டினால் ஒரு சாட்டில் ஐந்து கிடைக்கும். ஓரத்தைச் சீராக்கி ஒவ்வொன்றையும் 70 செ.மீ. ஆக்குங்கள். 2 செ.மீ. மேலே ஏற்றி ஒட்டினால் எட்டுப் பட்டைகள் சேர்ந்து 546 செ.மீ. வரும். மிஞ்சும் இரண்டு பட்டைகள் தப்பு நேர்ந்தால் மாற்றிக்கொள்ள. கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்யலாம் என்று தோன்றும். வேண்டாம்: சணல் கயிறு இழுக்க இழுக்க நீளும், நடுவில் தொய்யும், அளவு நிற்காது. கடை பில் போடும் சுருள்தாளும் சரிப்படாது, எழுத்து மங்கிவிடும்.

அளவுத்திட்டம் ஓர் ஆண்டுக்கு 2 மி.மீ., ஒரு நூற்றாண்டுக்கு 20 செ.மீ. கி.மு. 600இலிருந்து தொடங்கினால் இடப்பக்கம் 120 செ.மீ., வலப்பக்கம் இன்றுவரை ஏறத்தாழ 405 செ.மீ. 6 மீட்டர் சுவருக்கு இது சரியாக அமையும். சுவர் சிறியதாக இருந்தால் ஆண்டுக்கு 1 மி.மீ. என்று பாதியாக்குங்கள்.

கி.மு., கி.பி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் சிவப்புக் கோடு. தப்பு பிறக்கும் இடமே இதுதான், ஆகவே இங்கே அவசரப்பட வேண்டாம். எண்கோட்டில் 0 ஒரு புள்ளி. காலப்பட்டையில் ஆண்டு என்பது புள்ளி இல்லை, 2 மி.மீ. நீளமுள்ள ஒரு கட்டம். சிவப்புக் கோட்டுக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் கட்டம் கி.பி. 1. இடப்பக்கம் ஒட்டியிருக்கும் கட்டம் கி.மு. 1. நடுவில் 0 என்று ஒரு கட்டமே கிடையாது. கரும்பலகையில் இந்த இடத்தை மட்டும் பெரிதாக, ஒரு கட்டத்துக்கு ஒரு சாண் என்று வரைந்து காட்டுங்கள்.

முதலில் விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள். கி.மு. 2 ஆடியில் பிறந்த குழந்தைக்கு கி.பி. 2 ஆடியில் வயது என்ன? கி.மு. 1 வந்தால் ஒன்று, கி.பி. 1 வந்தால் இரண்டு, கி.பி. 2 வந்தால் மூன்று. நான்கு இல்லை. இதை எல்லாரும் கையால் எண்ணி ஒத்துக்கொண்ட பிறகே விதியைச் சொல்ல வேண்டும்: கி.மு. ஆண்டில் ஒன்றைக் குறைத்து, முன்னால் குறைக்குறி போடு. அப்படியானால் கி.மு. 1 என்பது 0, கி.மு. 2 என்பது −1, கி.மு. 63 என்பது −62. வானியலாளர்கள் ஆண்டை இப்படித்தான் எண்ணுகிறார்கள். கொங்குப் பகுதிப் புதையல்களில் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் காசுகள் கிடைத்திருப்பதால் அவரையே எடுத்துக்கொள்ளலாம். பிறப்பு கி.மு. 63 செப்டம்பர் 23, இறப்பு கி.பி. 14 ஆகஸ்டு 19. கணக்கு 14 − (−62) = 76. பிறந்தநாளுக்கு இன்னும் 35 நாள் இருக்கும்போதே இறந்துவிட்டதால் நிறைந்த வயது 75.

ஓர் எச்சரிக்கை. கீழடியின் கி.மு. 580ஐப் பட்டையில் குறிக்கலாம், கட்டாயம் குறிக்கவும் வேண்டும். ஆனால் அதை வைத்து "சரியாக எத்தனை ஆண்டு" என்று கேட்காதீர்கள். கார்பன் ஆய்வு தரும் காலத்துக்கு முன்பின் வரம்பு உண்டு. அப்படிப்பட்ட காலத்தில் ஒன்றைக் குறைப்பதும் கூட்டுவதும் பொருளற்ற துல்லியம். அதைப் புள்ளியாக வைக்காமல் பென்சிலால் நிழலிட்ட பகுதியாகக் காட்டுங்கள்.

ஆட்சியாண்டு

இதே சிக்கல் சோழர் கல்வெட்டுகளில் வேறு உருவில் வருகிறது. கல்வெட்டு "25ஆவது ஆட்சியாண்டு" என்று சொல்லும், கி.பி. சொல்லாது. ராஜராஜன் அரியணை ஏறியது 985ஆம் ஆண்டு ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று கணித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக் கலசத்தை அவன் கொடுத்தது 25ஆவது ஆண்டின் 275ஆவது நாள். இது எந்த ஆண்டு, எந்த மாதம்?

முதல் ஆட்சியாண்டு 985 நடுவில் தொடங்கி 986 நடுவில் முடிகிறது. ஆகவே 25ஆவது ஆண்டு தொடங்கும்போது 24 ஆண்டுகள்தான் முடிந்திருக்கும்: 985 + 24 = 1009. 1009 ஜூலை 1ஐ முதல் நாளாக வைத்து மாத நாட்களைக் கூட்டச் சொல்லுங்கள். மார்ச் முடிய 274 நாள், 275ஆவது நாள் 1010 ஏப்ரல் 1. ஜூன் 25இல் தொடங்கினால் மார்ச் 26, ஜூலை 25இல் தொடங்கினால் ஏப்ரல் 25. எப்படிப் பார்த்தாலும் 1010ஆம் ஆண்டு, பங்குனி சித்திரை வெயில் காலம். 985 + 25 = 1010 என்று நேரே கூட்டியவருக்கும் விடை சரியாக வந்துவிடும். அதனால்தான் மாதத்தையும் கேட்க வேண்டும். வழி தப்பாயிருந்தால் மாதத்தில் மாட்டிக்கொள்ளும்.

நூற்றாண்டையும் இங்கேயே முடித்துவிடலாம். 1010 பதினோராம் நூற்றாண்டு (1001 முதல் 1100 வரை). பட்டையில் இரண்டு வண்ணங்களை மாற்றி மாற்றி அடித்துவிட்டால் மேலும் விளக்கம் தேவைப்படாது.

புதன்: உத்திரமேரூர்க் கல்வெட்டு

இது முழுக்க வரலாற்றுப் பாடவேளை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. அவன் ஆட்சி தொடங்கியது 907. கல்வெட்டுகளின் காலம் 919, 921. திங்களன்று செய்த கணக்கை வைத்து, இவை அந்தந்த ஆட்சியாண்டின் பின்பகுதியில் வருகின்றன என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டு போன்ற பிரிவுகளாகப் பிரிந்திருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுத்து, குடும்புக்கு ஒருவராக 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 12 பேர் ஆட்டை (ஆண்டு) வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. தகுதிகளைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப் போடுங்கள்: இறை (வரி) கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும் (வேலி என்பது நில அளவு), சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல், 70க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும், கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் (உரைநூலும்) கற்றவருக்கு அரைக்கால் வேலி இருந்தாலே போதும்.

இதைச் சொல்லிவிட்டு "அன்றே நம்மிடம் மக்களாட்சி இருந்தது" என்று முடிப்பது பிழை. இது சதுர்வேதிமங்கலத்துச் சபை, பிராமண நிலவுடைமையாளர்களின் அவை. ஒவ்வொரு தகுதியாகப் படித்து, அதனால் யார் வெளியே போகிறார்கள் என்று பட்டியலிடச் சொல்லுங்கள். பெண்கள், நிலமில்லாதவர்கள், உழுதவர்கள், 35 நிறையாதவர்கள். பட்டியல் நீள நீள, தேர்தல் முறையின் நுணுக்கத்தையும் அதன் எல்லையையும் பிள்ளைகள் ஒருசேரப் பார்ப்பார்கள். கணக்கு வாரம் என்பதற்காக இந்த உரையாடலைச் சுருக்காதீர்கள், இருபது நிமிடம் இதற்கே கொடுங்கள்.

வியாழன்: கால் வேலி எவ்வளவு பெரியது?

மைதானத்தில் நடத்த வேண்டிய பாடம். 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. டெல்டாவில் இன்று வழங்கும் கணக்கில் குழி என்பது 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. நான்கு முளைக்குச்சி, 50 அடிக் கயிறு, அளக்கும் நாடா, ஒரு கிலோ சுண்ணாம்புத்தூள் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் 12 அடி இருந்தால் மட்டும் சதுரம் ஆகிவிடாது, சாய்ந்து நிற்கும். மூலைவிட்டம் இரண்டும் சமமாக, 17 அடிக்கு மயிரிழை குறைவாக வரும்வரை முளையை நகர்த்துங்கள்.

அதற்குள் நின்றபடி கேளுங்கள்: ஒரு மாவின் பக்கம் எத்தனை அடி? பாதிப்பேர் 1,200 அடி என்பார்கள். விடை 120 அடி. பக்கம் பத்து மடங்கானால் பரப்பு நூறு மடங்காகும். கட்டத்தாளில் 10 × 10 கட்டம் வரைந்து எண்ணினால்தான் இது மனதில் நிற்கும். அடுத்து, "மூணு மா ஒரு ஏக்கர்" என்ற வழக்கைச் சோதிக்கலாம். மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கர் 43,560. இடைவெளி 360 சதுர அடி, அதாவது இரண்டரைக் குழி.

கால் வேலி 5 மா, 500 குழி, 72,000 சதுர அடி, ஏறத்தாழ 165 சென்ட். அரைக்கால் என்பதைப் பலரும் அரையும் காலும் சேர்ந்த முக்கால் என்று படிப்பார்கள். அது காலில் அரை: ½ × ¼ = ⅛. பின்னப் பெருக்கல் நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அரைக்கால் வேலி 250 குழி. சோழர் காலத்தில் அளவுகோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறியது என்பதையும், இந்தச் சதுர அடிக் கணக்கு இன்றைய குழிக்கு உரியது என்பதையும் சொல்லிவிடுங்கள். செங்கல்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள் "எங்க ஊர்ல காணி" என்று தொடங்குவார்கள். அந்தக் காணி 1.32 ஏக்கர் நிலம். பின்னமாக வரும் காணி 1/80. இரண்டும் வேறு.

வெள்ளி: குடவோலை

கல்வெட்டு சொல்லும் முறை இது. ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனிக் கட்டாகக் கட்டி, 30 கட்டுகளைக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அவனே ஓர் ஓலையை எடுப்பான். வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்த கையில் வாங்கிப் படிப்பார். ஒவ்வொரு படியும் எந்த மோசடியைத் தடுக்கிறது என்று கேளுங்கள்.

பிறகு, கட்டுகளாகப் பிரித்ததனால் என்ன மாறியது என்று சோதியுங்கள். அ, ஆ, இ என்று மூன்று குடும்பு. அவற்றில் 4, 6, 10 பெயர்கள், மொத்தம் 20 சீட்டு. எல்லாச் சீட்டும் ஒரே நோட்டிலிருந்து, ஒரே அளவில், இரண்டு மடிப்பாக இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் குடும்புக்கு ஒருவர் உறுதி. ஆனால் ஒரு பெயருக்குரிய வாய்ப்பு 1/4, 1/6, 1/10 என்று மாறும். 20 சீட்டையும் ஒரே குடத்தில் போட்டு மூன்று எடுத்தால்? இருபது முறை எடுத்து, அ குடும்புக்கு ஒருவரும் வராத முறைகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். பத்து முறைக்கு அருகில் வரும். சரியான வாய்ப்பு 560/1140, ஏறத்தாழ 49 விழுக்காடு. மூன்று அல்லது பதினைந்து என்று விலகி வந்தால், பெரும்பாலும் எடுத்த சீட்டுகளைத் திரும்பப் போட மறந்திருப்பார்கள், அல்லது குலுக்கியிருக்க மாட்டார்கள். குடத்தின் வாயில் கை நுழைய வேண்டும், கண் நுழையக் கூடாது.

கடைசிக் கால் மணியில் ஐந்து கேள்வி, பத்து மதிப்பெண். விடைக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று.

கி.மு. 5 ஆடியிலிருந்து கி.பி. 6 ஆடிவரை எத்தனை ஆண்டு? (10)
985 நடுவில் ஆட்சி தொடங்கினால் 10ஆவது ஆட்சியாண்டு எப்போது தொடங்கும்? (994)
அரைக்கால் வேலிக்கு எத்தனை குழி? (250)
லோடி வம்சம் 1451 முதல் 1526 வரை எத்தனை ஆண்டு? (75)
கட்டுகளாகப் பிரிக்காமல் ஒரே குடத்தில் போட்டால் யாருக்கு இழப்பு?

நான்காவது கேள்விதான் உரைகல். 74 என்று எழுதியவர் விதியை மனப்பாடம் செய்திருக்கிறார், சிவப்புக் கோட்டை மறந்துவிட்டார். கோட்டைத் தாண்டாத கணக்கில் ஒன்றைக் குறைக்க வேண்டியதில்லை.

அந்தத் தப்பைச் சரிசெய்ய அடுத்து வரும் டெல்லி சுல்தானியமே உதவும். அடிமை வம்சம் 1206 முதல் 1290, கில்ஜி 1320 வரை, துக்ளக் 1414 வரை, சையது 1451 வரை, லோடி 1526 வரை. ஒவ்வொன்றையும் கழித்துப் பட்டை விளக்கப்படம் வரையச் சொல்லுங்கள்: 84, 30, 94, 37, 75. கூட்டினால் 320 வர வேண்டும். 1526இலிருந்து 1206ஐக் கழித்தாலும் அதுவே. 315 என்று வந்தால் ஐந்து வம்சத்திலும் ஒவ்வொன்றைக் குறைத்திருக்கிறார்கள். அவர்களைச் சுவரில் இருக்கும் பட்டையருகே அழைத்து, 1206இலிருந்து 1290 வரை அளவுகோலை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 168 மி.மீ. வரும்.