பாணமையிலிருந்து உகந்தைக்கு நடக்கிற நாள்

கதிர்காமப் பாதயாத்திரை என்றாலே எல்லோரும் காட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். கரடி நிற்குமா, குமுக்கன் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று. தம்பிலுவிலிலிருந்து எங்கள் கூட்டத்தோடு நடக்கிற நான் சொல்கிறேன்: ஆட்களை விழுத்துவது காடில்லை, அதற்கு முந்திய கிறவல் றோட்டு. பாணமை ஊரிலிருந்து, காட்டுப்பாதை தொடங்குகிற உகந்தை முருகன் கோயிலுக்கு 16 கிலோமீற்றர் அளவு வரும். நிழல் குறைவு. ஆடி மாதத்துக் கச்சான் காற்று வாயைக் காயவைத்துவிடும்.

நிலம் வெளித்த கையோடு கிளம்புங்கள். இருட்டில் வேண்டாம், வில்லு என்கிற ஆழமில்லாத குளங்களில் தண்ணீர் குடித்த யானைகள் அந்த நேரம் றோட்டைக் கடக்கும். ஐந்தரைக்கு வெளிக்கிட்டால், இருந்து எழும்பி நடந்தாலும் பதினொரு மணிக்குள் உகந்தையில் நிற்கலாம். அதற்குப் பிறகு நடப்பது வெயிலோடு மல்லுக்கட்டுகிற வேலை.

வேலோடு முன்னுக்குப் போகிற சாமியை எட்டிப் பிடிக்க ஓடாதீர்கள். உங்கள் நடையில் நடக்கிற இரண்டு பேரைத் தேடிக்கொள்ளுங்கள், போதும். சேர்ந்து 'அரோகரா' சொல்ல மூச்சு மிஞ்சினால் நடை சரி.

இனிக் கால். வெறுங்காலோடு நேர்த்தி என்றால் கிறவலை விட்டு ஓரத்து மணலில் நடங்கள். மற்றவர்களுக்குப் பழகின பாட்டா செருப்பு நல்லது. புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். பெருவிரலடி சூடாகி உறுத்தத் தொடங்கும்; கொப்புளம் போடுவதற்கு முன் அதுதான் அடையாளம். உடனே இருந்து, மண்ணைத் துடைத்து, பிளாஸ்டர் ஒட்டுங்கள். "உகந்தையில் பார்ப்போம்" என்றால் அங்கே பார்க்கத் தோல் இருக்காது. தொடை உரசுகிறவர்கள் காலையிலேயே வசலின் பூசுங்கள். பெண்களுக்குச் சேலையை விடப் பருத்திச் சுரிதார் சுகம். எங்கள் ஊர் ஆச்சிமார் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அது வேறு கதை.

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றராவது வேண்டும். தண்ணீர் பவுசர் வண்டி வரும் என்று நம்பி வெறும் போத்தலோடு போகாதீர்கள். ஒரு போத்தலில் ஜீவனி என்கிற உப்புச்சத்துத் தூளைக் கரைத்து வையுங்கள், இல்லாவிட்டால் உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணீர். அவலும் பனங்கட்டியும் சாப்பிடுங்கள். அன்னதானச் சோற்றை வயிறு முட்டச் சாப்பிட்டு நடந்தால் வயிறு பழிவாங்கும். வழியில் குளத்தைக் கண்டதும் முகம் கழுவ இறங்காதீர்கள், முதலை கிடக்கும்.

வழியில் குடும்பிகல மலைப்பக்கம் பிரிகிற பாதை வரும். பௌத்த துறவிகள் இருக்கிற இடம் அது. மட்டக்களப்புக் குடும்பிமலையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாகனக்காரர் நிறுத்தி "ஏறுங்க சாமி" என்பார்கள். கால் உண்மையிலேயே ஏலாவிட்டால் ஏறுங்கள். முருகன் கணக்குப் பார்க்கமாட்டார்.

உகந்தைக்கு வந்ததும் முதலில் குளிப்பு, பிறகு நித்திரை. வெயில் தாழ மலையேறி வள்ளியம்மனையும் சுனைகளையும் பாருங்கள். காட்டுப்பாதை திறக்கிற திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும்; முன்கூட்டியே விசாரித்து வந்தால் அங்கே நாட்கணக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. உள்ளே போகப் பதிய வேண்டும், அடையாள அட்டையை மூட்டையின் அடியில் புதைக்காதீர்கள். தேவையில்லாத உடுப்புகளை ஊருக்குத் திரும்புகிற வாகனத்தில் கொடுத்துவிடுங்கள். படுக்கும்போது செருப்பைத் தலைமாட்டில் வையுங்கள்; அந்தக் கூட்டத்தில் எல்லாருடையதும் ஒரே நீலப் பாட்டா.