லண்டனுக்கு வருபவர்கள் பெட்டியில் வைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி

பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்கள் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்வதை முதல் வாரமே முடித்துவிடலாம்; அதில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. நம்மவர்கள் அவதிப்படுவது வைட்டமின் டி விஷயத்தில்தான்.

உணவிலுள்ள கால்சியத்தை உடல் ஏற்றுக்கொண்டு எலும்பும் தசையும் உறுதியாக இருக்க இந்தச் சத்து வேண்டும். ஆனால் அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்கே அடிக்கும் வெயிலில், தோல் அதைத் தயாரிப்பதற்குப் போதுமான புற ஊதா பி கதிர்கள் இருப்பதில்லை. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே அமர்ந்து வெயில் காய்வதால் எந்த மாதத்திலும் பயனில்லை. ஆகவே அந்த மாதங்களில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுத்துக்கொள்வது நல்லது என்றும், நம்மைப் போன்ற கருத்த தோலினர் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றும் இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். சொல்கிறது.

இந்த அறிவுரையைக் கேட்டுத்தான் என் நண்பரின் மனைவி மருத்துவமனை வரை போக நேர்ந்தது. சென்னையில் அவருக்குக் குறைபாடு இருந்தபோது, வாரம் ஒரு முறை பாலில் கலந்து குடிக்கும் 60,000 யூனிட் பொட்டலங்களைக் கொடுத்திருந்தார்கள். மருந்துக்கடையில் சீட்டுக்கூடக் கேட்காமல் கொடுத்ததால், புறப்படும்போது நிறைய வாங்கி வந்திருந்தார். இங்கே தொலைபேசியில் பேசிய மருத்துவர் "தினமும் வைட்டமின் டி எடுங்கள்" என்றார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அவரும் தினமும் ஒரு பொட்டலம் என்று குளிர்காலம் முழுவதும் குடித்தார். ஒரு பொட்டலம் என்பது 1,500 மைக்ரோகிராம். பெரியவர்கள் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதே இங்குள்ள வரம்பு. தீராத தாகம், வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கியபோது எல்லோரும் குளிரைத்தான் குறை சொன்னார்கள். இரத்தத்தில் கால்சியம் எகிறியிருப்பது பரிசோதனையில்தான் தெரிந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேதனை என்பதால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

வாராந்தரப் பொட்டலம் குறைபாட்டுக்கான சிகிச்சை. குறிப்பிட்ட சில வாரங்களோடு அது முடிந்துவிடும். அன்றாடத் தேவைக்கு இங்குள்ள சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரையே போதும். டப்பாவில் மைக்ரோகிராம் என்று போட்டிருந்தால் 40ஆல் பெருக்கினால் யூனிட் கணக்கு வந்துவிடும். குழந்தைகளுக்கு உச்ச வரம்பு இன்னும் குறைவு என்பதால் அவர்களுக்கென்றே விற்கும் மருந்தைத்தான் வாங்க வேண்டும். ஊரிலிருந்து வரும் பெற்றோர் இந்தப் பொட்டலங்களைக் கொண்டுவந்தால், உறையில் உள்ள எண்ணை ஜி.பி.யிடம் அப்படியே வாசித்துக் காட்டிய பிறகே பாலைக் காய்ச்சுங்கள்.