கடன் கொப்பி: வளாகத்துப் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படிக்கிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. கடன் வேறு வழிகளால் வருகிறது: போர்டிங் முற்பணம், மடிக்கணினி, மகாபொல புலமைப்பரிசில் பிந்துகிற மாதங்களின் சாப்பாடு. 2025 ஏப்ரலில் மகாபொல மாதம் 7,500 ரூபாவாகவும், பேசரி (மாணவர் உதவிப்பணம்) 6,500 ரூபாவாகவும் கூடியது. அதுவும் வருடத்துக்குப் 10 தவணைதான். முதலாம் வருடத்தில் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்காகும். அநேகமான கடன் அந்த இடைவெளியில் தொடங்குகிறது. (அரசின் வட்டியில்லா மாணவர் கடன், அரச சார்பற்ற நிறுவனங்களில் பட்டம் படிப்போருக்கானது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.)

முதலில் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு கொப்பியில் ஐந்து நிரல்: யாரிடம், எவ்வளவு, மாத வட்டி, கட்ட வேண்டிய திகதி, ஈடாகக் கொடுத்தது. பலர் ஐந்தாவதை விட்டுவிடுவார்கள். அம்மாவின் காப்பு அடகில் இருக்கிறதா, யார் பிணை நின்றது, யாருடைய அடையாள அட்டைப் பிரதி கடன்காரரிடம் இருக்கிறது? இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவது பெரும்பாலும் இந்த நிரல்.

அடுத்தது வட்டி. ‘நூற்றுக்குப் பத்து’ என்று ஊரில் சொல்வது மாதத்துக்கு. 20,000 ரூபா எடுத்தால் மாதம் 2,000; 7,500 ரூபா மகாபொல என்றால் கால்வாசிக்கு மேல் அதற்கே போகும். பத்து மாதம் கட்டினாலும் முதல் அப்படியே நிற்கும். போன் செயலிக் கடனில் கணக்கு இன்னும் மோசம். 10,000 என்று பதிந்து, கழிவு போகக் கைக்கு 8,000 வந்து, 14 நாளில் 10,000 கட்டச் சொன்னால், அது இரண்டு கிழமைக்கு 25 வீதம். அதைக் கட்ட இன்னொரு செயலியில் எடுப்பவர்தான் மீளமுடியாமல் மாட்டுகிறார். செயலிக்குக் கொடுத்த தொடர்பிலக்க அனுமதியை உடனே நீக்குங்கள். இல்லாவிட்டால் மாமாவுக்கும் விரிவுரையாளருக்கும் அழைப்புப் போகும். உரிமம் பெற்ற நிறுவனமா என்று கேட்கவும் முறையிடவும் மத்திய வங்கியின் தொலைபேசி இலக்கம் 1935.

வட்டி கூடியதை முதலில் அடைப்பது பொது விதி. எங்கள் கணிப்பில் அதற்கு ஒரு விலக்கு உண்டு: அறை நண்பனிடம் வாங்கிய கைமாற்று. 1,500 ரூபாவுக்காக அவன் முகத்தில் முழிக்கக் கூசி விரிவுரையைத் தவிர்த்தால், 80 வீத வரவு குறைந்து பரீட்சைக்கே இருக்க முடியாமல் போகும். இன்றைக்கே 300 ரூபாவைக் கொடுத்து, மிச்சத்துக்குத் திகதி சொல்லுங்கள்.

வீட்டில் நகை இருந்தால், மாத வட்டிக் கடனை வங்கி அடகுக்கு மாற்றுவது மலிவு. ஆனால் வீட்டாருக்குத் தெரிந்துதான் செய்ய வேண்டும். அடகுச் சீட்டின் தவணைத் திகதியைக் கொப்பியில் ஏற்றுங்கள். அன்றைக்கு மீட்க முடியாவிட்டால் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். பேசாமல் இருந்தால் நகை ஏலத்துக்குப் போகும்.

வீட்டுக்குச் சொல்ல நேரம் பாருங்கள். வயல் வீடென்றால் பெரும்போக வேளாண்மை வெட்டி நெல்லு விற்கிற மாசி, பங்குனி. கடல்தொழிலை நம்பிய வீடென்றால் மாரி கழியட்டும். முழுத் தொகையையும் ஒரே தடவையில் சொல்லுங்கள். பாதியைச் சொல்லி, மீதியை இரண்டு மாதம் கழித்துச் சொன்னால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கையும் வாப்பாவோ அப்பாவோ நம்பமாட்டார்.

வளாகத்தில் மாணவர் ஆலோசகரிடம் போகும்போது ‘கஷ்டமாக இருக்கு சேர்’ என்று நிறுத்தாமல் காரியமாகக் கேளுங்கள்: விடுதிக் கட்டணத்துக்குத் தவணை கிடைக்குமா, பழைய மாணவர் சங்க உதவி ஏதும் இருக்கிறதா, மகாபொல ஏன் தங்கியது? வங்கிக் கணக்கிலக்கத்தில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் தவணை தங்கும். மாணவர் விவகாரப் பிரிவில் அதைத்தான் முதலில் பாருங்கள்.

செலவைக் குறைக்கக் காலைச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வெறும் தேத்தண்ணியோடு எட்டு மணி விரிவுரையில் இருப்பவர் பத்து மணிக்குத் தூங்கிவிழுவார். மூன்று பேர் சேர்ந்து சமைத்தால் மிச்சம் பிடிக்கலாம். ரியூசன் வகுப்பு எடுப்பதென்றால் சனி, ஞாயிறோடு நிறுத்துங்கள். இரவு வேலை தூக்கத்தைத் தின்றால் பாடம் ‘ரிப்பீற்’ விழும். மறுபடி எழுதி முடிக்கும்வரை போர்டிங் வாடகையும் நீளும்.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, போனை நிறுத்தியே வைத்திருக்கிறீர்கள் என்றால் அது சோம்பலல்ல. பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குப் போங்கள். அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு. அம்பாறைப் பக்கத்துக்குக் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை கிட்ட. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. இரவிலும் தமிழில் பேசலாம். அறையில் ஒருவர் அப்படிப் பேசினால் அவரைத் தனியே விடாமல் நீங்களே அழைத்துக் கொடுங்கள்.