[1]-ஐ அழிக்கும் முன் சைஸ்ஆஃபைத் தேடுங்கள்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலை. கழிவுநீர் மீட்டரின் ரீடிங்குகளைச் சேர்த்து அனுப்பும் பழைய சி புரோகிராம் ஒன்று அங்கே ஓடுகிறது. அதைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. அதன் ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் வகை) முதல் உறுப்பு 4 பைட் எண்ணிக்கை, கடைசி உறுப்பு ‘ரீடிங்[1]’ என்ற அரே (மதிப்புகளின் வரிசை), அதில் ஒவ்வொரு ரீடிங்கும் 4 பைட். சி99 (1999-இன் சி தரநிலை) வருவதற்கு முந்தைய பழக்கம் இது. 1 என்று அறிவித்துவிட்டு, நினைவகம் கேட்கும் மால்லாக்கில் வேண்டிய அளவு கூடுதலாகக் கேட்பார்கள். நான் 1-ஐ மட்டும் அழித்து, சி99 அனுமதிக்கும் நீளம் குறிப்பிடாத ‘ரீடிங்[]’ ஆக்கினேன். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காட்பாடியில் என் மேசையில் 8 ரீடிங் வைத்துச் சோதித்தபோது நன்றாக ஓடியது. தொழிற்சாலையில் 10 வந்ததும் விழுந்தது.

தவறு அறிவிப்பில் இல்லை, மால்லாக் வரியில் இருந்தது. அங்கே ‘சைஸ்ஆஃப் ஸ்ட்ரக்ட் + (எண்ணிக்கை − 1) × 4’ என்று இருந்தது. [1] இருந்தவரை சைஸ்ஆஃப், அதாவது ஸ்ட்ரக்டின் பைட் அளவு, 8; 10 ரீடிங்குக்கு 8 + 36 = 44 பைட், மிகச் சரி. [] ஆனதும் சைஸ்ஆஃப் 4 ஆகிவிடும், ஆனால் ‘− 1’ அப்படியே நிற்கும். கிடைப்பது 40 பைட்தான், கடைசி ரீடிங்குக்கு இடமே இல்லை. 8 ரீடிங்குக்கு ஏன் தப்பித்தது? 32 பைட் கேட்டால் 64 பிட் ஜிலிப்சி (லினக்ஸில் வழக்கமான சி நூலகம்) 40 பைட் தருகிறது, தேவையான 36 அதற்குள் அடங்கிவிட்டது. 40 கேட்டால் சரியாக 40 தான். மிஞ்சிய 4 பைட் பக்கத்து நினைவகத் துண்டின் அளவுக் குறிப்பின் மேல் போய் எழுதியது.

அதனால் அறிவிப்பில் கை வைப்பதற்கு முன், அந்த ஸ்ட்ரக்டின் பெயர் வரும் ஒவ்வொரு சைஸ்ஆஃபையும் தேடிப் படியுங்கள். ‘− 1’-ஐ எடுத்தால் போதும் என்றும் நம்பிவிடாதீர்கள். 4 பைட் நீளம், 1 பைட் வகை, பிறகு பைட் அரே என்று இருந்தால், பேடிங்கால் (கம்பைலர் சேர்க்கும் வெற்று பைட்டுகள்) [1] ஆனாலும் [] ஆனாலும் சைஸ்ஆஃப் 8 தான். தரவு தொடங்குவதோ, 0-இலிருந்து எண்ணினால், 5-ஆவது பைட்டில். கம்பியில் போகும் பாக்கெட்டுக்கு உறுப்பு தொடங்கும் இடத்தைச் சொல்லும் ஆஃப்செட்ஆஃபைக் கொண்டு கணக்கிடுவதே சரி.

[0] என்று எழுதியிருந்தால் அது சி தரநிலையில் இல்லாத, குனு கம்பைலரின் நீட்சி. அந்த அரேயின் சைஸ்ஆஃபைக் கேட்டால் சத்தமில்லாமல் 0 வரும். []-க்கு மாற்றினால் அதே வரி கம்பைலே ஆகாது. அந்தப் பிழையைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், ஒளிந்திருந்த பிழை வெளியே வந்திருக்கிறது.

எல்லாம் மாற்றியபின் ஜிசிசி (அந்தக் குனு கம்பைலர்) 13-இல் வந்த ‘ஸ்ட்ரிக்ட் ஃப்ளெக்ஸ் அரேஸ்’ ஆப்ஷனை 3-இல் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்ட்ரக்டின் கடைசியில் [16] என்று போட்டாலும் ஜிசிசி அதை எல்லையற்றதாகவே கருதும், எல்லைச் சோதனை நடக்காது. ஜிசிசி 15-இல், அரேயின் நீளம் எந்த உறுப்பில் இருக்கிறது என்று சொல்லும் ‘கவுண்டட் பை’ குறிப்பும் சேர்க்கலாம். சேர்த்தால், எண்ணிக்கையை முதலில் எழுதிவிட்டு அரேயை நிரப்ப வேண்டும். வரிசை மாறினால் எண்ணிக்கை 0 ஆக இருக்கும்போதே எழுதுவதாகக் கொண்டு, எல்லைச் சோதனை புரோகிராமை நிறுத்திவிடும்.

இதோடு விஎல்ஏவை (வேரியபிள் லெங்த் அரே) குழப்பிக்கொள்ளாதீர்கள். அது ஸ்டாக்கில் இருக்கும், புரோகிராம் ஓடும்போது நீளம் முடிவாகும் அரே. லினக்ஸ் கர்னல் 2018-இல், 4.20 பதிப்போடு, அதை முழுவதும் நீக்கியது. ‘கான்ஸ்ட் இன்ட் 16’ என்று ஒரு மாறி வைத்து அதை நீளமாகக் கொடுத்தாலும் சி11 விதிப்படி அது விஎல்ஏதான். நிலையான எண் வேண்டுமென்றால் டிஃபைன் அல்லது ஈனம் போடுங்கள்.