குட்டை ஃபர் மரங்கள்: வாங்குவது முதல் சேகரிப்பது வரை

அமெரிக்காவின் ஆரிகனில் போர்ட்லண்ட் பக்கம் புதிதாக வீடு வாங்கும் நம்மவர்கள் தோட்டத்துக்கு என்ன வைக்கலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது ஃபர் என்ற ஊசியிலை மரம். டிசம்பரில் ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் வெறும் குச்சிகளாக நிற்கும்போது, வெள்ளியும் நீலமும் மஞ்சளுமாகத் தோட்டத்தைத் தாங்கி நிற்பவை இவைதான். ஃபர் என்றதும் கிறிஸ்துமஸுக்கு வெட்டி விற்கும் நெட்டை மரம்தான் பலருக்கு ஞாபகம் வரும். பத்து வருடம் ஆனாலும் முழங்கால் உயரத்தைத் தாண்டாத ரகங்களும் இதில் இருக்கின்றன. இந்தப் பதிவு அவற்றைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். நம் தோட்டங்களில் ஃபரைக் குளிர் கொல்வது அரிது. வேரில் தேங்கும் தண்ணீர்தான் கொல்கிறது. கீழே வரும் படிகளில் பாதி அதற்காகவே.

இது குளிர்காலம் நிஜமாகவே குளிராக இருக்கும் ஊர்களுக்கான குறிப்பு. தமிழ்நாட்டுச் சமவெளி வெயிலில் ஃபர் வராது. அங்கே நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பது பெரும்பாலும் அராகேரியா. அது வேறு குடும்பம். இந்தியாவுக்குச் சொந்தமான ஃபர் மரங்களைப் பார்க்க இமயமலைக்குத்தான் போக வேண்டும்.

படி 1: ஃபரை அடையாளம் காணுங்கள்

நர்சரியில் ஃபரும், அதைப் போலவே தெரியும் இன்னொரு ஊசியிலை மரமான ஸ்ப்ரூஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓர் ஊசியிலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஃபர் என்றால் இலை சுத்தமாகப் பிரிந்து வரும். கிளையில் வட்டமாக, வழவழப்பாக ஒரு தழும்பு மட்டும் இருக்கும். ஸ்ப்ரூஸில் இலை உதிர்ந்த இடத்தில் சிறு முளை போல மேடு நிற்கும். கிளையைத் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். பெரும்பாலான ஃபர் இலைகள் தட்டையானவை, கையைக் குத்தாது. அடிப்பக்கத்தைத் திருப்பினால் நீளவாக்கில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரியும்.

காய்களிலும் வித்தியாசம் உண்டு. ஸ்ப்ரூஸின் காய்கள் தொங்கும். ஃபரின் காய்கள் கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். முற்றியதும் முழுசாக விழாமல் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து, நடுத்தண்டு மட்டும் கிளையில் மிஞ்சும்.

படி 2: பெயர்ச்சீட்டைப் படியுங்கள்

சீட்டில் முதலில் அபீஸ் என்ற பேரினப் பெயர், அடுத்து இனத்தின் பெயர், கடைசியாக ஒற்றை மேற்கோள் குறிக்குள் ரகத்தின் பெயர் இருக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் செடியை வாங்க வேண்டாம். வெறும் ‘குட்டை ஃபர்’ என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு வளரும் என்று கடைக்காரருக்கும் தெரியாது.

ஊசியிலை மரப் பிரியர்களின் சங்கமான அமெரிக்கன் கோனிஃபர் சொசைட்டி வளர்ச்சியை நான்காகப் பிரிக்கிறது. வருடத்துக்கு 2.5 செ.மீ.க்கும் குறைவாக வளர்வது மினியேச்சர். 2.5 முதல் 15 செ.மீ. வரை குட்டை. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் பெரியது. இதில் கவனிக்க வேண்டியது, குட்டை ரகமும் வளர்வதை நிறுத்துவதில்லை. வருடம் 10 செ.மீ. என்றாலும் இருபது வருடத்தில் ஆளைவிட உயரம். சீட்டில் போட்டிருப்பது பொதுவாகப் பத்து வருட அளவுதான். ஜன்னலுக்குக் கீழே நடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 3: முதல் செடிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நாளில் பத்துச் செடி வாங்காதீர்கள். குணத்தில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட மூன்றோ நான்கோ போதும்.

என் முதல் சிபாரிசு எப்போதும் கொரிய ஃபரின் ‘ஹார்ஸ்ட்மன்ஸ் ஸில்பர்லோக்கெ’. ஜெர்மனியில் கியூன்டர் ஹார்ஸ்ட்மன் கண்டெடுத்த ரகம். இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, வெள்ளை அடிப்பக்கத்தை வெளியே காட்டுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கிளைகளில் உறைபனி படிந்தது போலிருக்கும். கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வோர் இலையும் மொட்டைச் சுற்றி உள்ளே வளைந்திருக்கும், பச்சை ஓரமாகத்தான் தெரியும். கொரிய ஃபருக்கு இன்னொரு அழகு, இடுப்பளவு செடியிலேயே காய்க்கும். வசந்தத்தில் ஊதா நிறத்தில் நிமிரும் காய்கள், கோடையில் பிசின் துளிகள் பூத்து வெயிலில் மின்னும். இதன் சொந்த ஊர் தென்கொரியாவின் ஜிரிசான் மலையும் ஜேஜு தீவின் ஹல்லாசான் மலையும். தோட்டங்களில் இவ்வளவு பரவியிருக்கும் இந்த மரம், அந்த மலைகளில் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிறது.

ஸில்பர்லோக்கெக்கு இடமில்லையா? அதிலிருந்தே வந்த ‘கோஹவுட்ஸ் ஐஸ் பிரேக்கர்’ வாங்குங்கள். அதே சுருள் இலை, பந்து போன்ற சின்ன உருவம். சில மரங்களில் ஏதோ ஒரு மொட்டு மாறிப்போய், கிளை நடுவே அடர்ந்த புதர் போல வளரும். அந்தப் புதரிலிருந்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டித்தான் இதைப் போன்ற பல குட்டை ரகங்கள் பிறக்கின்றன.

மஞ்சளுக்கு நார்ட்மன் ஃபரின் ‘கோல்டன் ஸ்பிரெடர்’. குளிர்காலத்தில்தான் நிறம் தூக்கலாக வரும். நீலத்துக்கு கொலராடோ பக்கத்து கான்கலர் ஃபரின் ‘கம்பேக்டா’. வாசனைக்கு பால்சம் ஃபரின் ‘நானா’. கடுங்குளிர் ஊர்களில் இருப்பவர்கள் இதில் தொடங்கலாம், ஆனால் வறண்ட கோடை இதற்கு ஆகாது.

சிறிய செடியாகவே வாங்குங்கள். ஒரு கேலன் தொட்டியில் இருப்பது விலையும் குறைவு, புது மண்ணில் வேகமாக வேர் பிடிக்கவும் செய்யும்.

படி 4: மண்ணைச் சோதியுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது. நட நினைக்கும் இடத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தில் குழிக்குள் நடக் கூடாது.

போர்ட்லண்ட் இருக்கும் வில்லமெட் பள்ளத்தாக்கில் பல வீடுகளில் இப்படித்தான் நிற்கும். களிமண், அதன்மேல் மாதக்கணக்கில் மழை. குழியைப் பெரிதாக வெட்டி மக்கிய உரம் நிரப்பினால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியாகத்தான் ஆகும். அங்கே ஃபைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய் வரும். வந்த பிறகு மருந்தடித்துக் காப்பாற்றுவது நடக்காத காரியம்.

வழி மேடு கட்டுவதுதான். வடிகால் நன்றாக உள்ள மண்ணை 30 செ.மீ. உயரத்துக்கு, ஓரங்கள் சரிவாக, அகலமாகக் கொட்டி அதன் மேல் நடுங்கள். ஃபருக்கு லேசான அமிலத்தன்மை பிடிக்கும், பி.ஹெச். 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது.

படி 5: நடுங்கள்

எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர்தான் சரியான காலம். மழை தொடங்கியிருக்கும், மண்ணில் சூடு மிச்சம் இருக்கும். நிலம் உறையும் டொரண்டோ போன்ற ஊர்களில் வசந்தத் தொடக்கத்தில் நடுவது பாதுகாப்பு.

தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்களைப் பாருங்கள். வட்டமாகச் சுற்றியிருந்தால் பிரித்து நேராக்குங்கள், முடியாததை வெட்டுங்கள். தண்டு விரிந்து வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே ஒட்டுக் கட்டிய தழும்பு தெரியும்; அது எக்காரணம் கொண்டும் மண்ணுக்குள் போகக் கூடாது. பிறகு 5 முதல் 8 செ.மீ. கனத்துக்கு மரப்பட்டைத் துண்டுகளால் மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

மஞ்சள் ரகங்களுக்கு மதிய நிழல் வேண்டும். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லண்டில் வெப்பம் 46.7 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்த வாரத்துக்குப் பிறகு ஊரெங்கும் ஊசியிலை மரங்கள் தென்மேற்குப் பக்கம் மட்டும் பழுப்பாகக் கருகி நின்றன. அதைப் பார்த்தவர்களுக்கு நிழலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

படி 6: முதல் இரண்டு கோடைகள்

வாரம் ஒரு முறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் பயனில்லை. மூடாக்கை விலக்கி விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட வேண்டாம். உரம் பெரிதாகத் தேவைப்படாது. இலையுதிர் காலத்தில் உள்பக்கத்துப் பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. நுனி இலைகள் மங்கினால்தான் வேரைச் சந்தேகப்பட வேண்டும்.

தண்டில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் கவனியுங்கள். அது ஐரோப்பாவிலிருந்து வந்த பால்சம் உல்லி அடெல்ஜிட் பூச்சியாக இருக்கலாம். தென் அப்பலாச்சிய மலைகளில் முதிர்ந்த ஃப்ரேசர் ஃபர் காடுகளை அழித்த பூச்சி இதுதான்.

படி 7: கவாத்து

அதிகம் வேண்டாம். இலை இல்லாத பழைய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. ஆனால் இரண்டை உடனே வெட்டியாக வேண்டும். ஒட்டுத் தழும்புக்குக் கீழே, வேர் தரும் அடிச்செடியிலிருந்து வரும் துளிர் ஒன்று. குட்டைச் செடியில் திடீரென்று நீளமாக, சாதாரண இலையோடு கிளம்பும் கிளை இன்னொன்று. செடி தன் பழைய குணத்துக்குத் திரும்புகிறது என்று அர்த்தம். விட்டால் சில வருடங்களில் அதுவே மரமாகிவிடும்.

புதிய ஒட்டுச்செடி ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்தால் பயப்பட வேண்டாம். பக்கக் கிளையிலிருந்து எடுத்த குச்சி தன்னைக் கிளையாகவே நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் படுத்து வளரும். நெட்டையாக வேண்டிய ரகம் என்றால் ஒரு மூங்கில் குச்சி நட்டு, நுனியைத் தளர்வாகக் கட்டி நிமிர்த்துங்கள். நோபிள் ஃபரின் ‘கிளாக்கா ப்ராஸ்ட்ராட்டா’ போலப் படர வேண்டிய ரகத்தில் இதற்கு நேர்மாறு: நிமிரும் நுனியை வெட்ட வேண்டும்.

படி 8: சேகரிப்பாக மாற்றுங்கள்

அடுத்த செடிகளை வாங்கும் முன், வளர்ந்த மரங்களைப் போய்ப் பாருங்கள். போர்ட்லண்டில் 1928இல் தொடங்கிய ஹாய்ட் ஆர்போரேட்டம் என்ற மரப் பூங்கா, சில்வர்டனில் ஆரிகன் கார்டன், தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் தேசிய ஆர்போரேட்டத்தின் கொடெல்லி குட்டை ஊசியிலைத் தொகுப்பு, இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் பெட்ஜ்பரி பைனீட்டம் என்ற ஊசியிலை மரத் தோட்டம். தொட்டியில் கையடக்கமாக இருந்த ரகம் முதிர்ந்ததும் என்ன ஆகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பிளாஸ்டிக் சீட்டு வெயிலில் சீக்கிரம் நொறுங்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதி, கிளை பருக்க இடம் விட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். தோட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு செடியின் முழுப்பெயர், வாங்கிய இடம், நட்ட தேதி ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வருடம் ஒரு முறை, வளர்ச்சி நின்றபின், உயரத்தை அளந்து சேருங்கள். அணில் தகட்டைக் கடித்துக்கொண்டு போனாலும் செடியின் பெயர் தொலையாது. நாளை நீங்களே ஒட்டுக் கட்டத் தொடங்கும்போது, இன்னொருவருக்கு நம்பிக் குச்சி கொடுக்க அந்தப் பெயர் வேண்டும்.