பயிற்சி ஆண்டைப் பின்னாலிருந்து எழுதுங்கள்
ஓட்டம் போன்ற விளையாட்டுக்கு ஆண்டுப் பயிற்சித் திட்டம் போடும்போது முதலில் முக்கியப் போட்டி நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வாரங்களை நிரப்புங்கள். கடைசி 2 வாரம் பயிற்சியின் அளவைக் குறைக்க (தூரத்தைத்தான், வேகத்தை அல்ல), அதற்கு முந்தைய 6 முதல் 8 வாரம் போட்டி வேகத்துக்கு, மிச்சமெல்லாம் அடித்தளத்துக்கு, அதாவது நிதானமான பயிற்சியில் தாக்குப்பிடிக்கும் திறனை வளர்க்க. ஒவ்வொரு 4-வது வாரத்தையும் லேசான வாரமாக இப்போதே பேனாவால் குறித்துவிடுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவீர்கள்.

முன்னாலிருந்து எழுதினால் கடைசியில் நாள் போதாது, அப்போது கை வைப்பது ஓய்வில்தான். கடும் பயிற்சிக்கு உடல் ஈடுகொடுத்து வலுவடைவதோ அந்த ஓய்வில்தான். இலக்கையும் இந்த மூன்று கட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக வைத்தால் போதும்.

மாதக்கணக்கில் வாராவாரம் ஆட்டம் உள்ள குழு விளையாட்டுகளுக்கு இது ஒத்துவராது. காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் தேதி முக்கியமில்லை, உடல்நிலைதான் கணக்கு.